பெற்றோர் வேறு ஊரில் வசித்தாலும் பராமரிக்கும் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டா? விதிகள் கூறுவது என்ன?

புதுதில்லி: வேலைக்காக வெளியூரிலோ வெளிமாநிலத்திலோ குடியேறிய பிள்ளைகள், சொந்த ஊரில் தனித்து வாழும் முதிய பெற்றோரின் மருத்துவச் செலவையும் வீட்டுச் செலவையும் ஏற்று வருவது இன்று பரவலாகக் காணப்படும் நிலையாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியிருந்தது. இவர்களைப் பராமரிப்போருக்கு வருமான வரிச் சட்டத்திலும் பணி விதிகளிலும் காப்பீட்டுத் திட்டங்களிலும் சில சலுகைகள் உள்ளன. எனினும், "பெற்றோர் என்னுடன் வசிக்கவில்லையே, எனக்கு எப்படிச் சலுகை கிடைக்கும்?" என்ற எண்ணத்தில் பலர் அவற்றைக் கோருவதே இல்லை. வேறு சிலரோ, தகுதியில்லாத சலுகையைக் கோரிவிட்டுப் பின்னர் விளக்கம் அளிக்க நேரிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஒரே விதி இல்லாததுதான். சில திட்டங்கள் உறவு முறையை மட்டுமே பார்க்கின்றன. சில திட்டங்கள், பெற்றோர் பொருளாதார ரீதியில் பிள்ளையைச் சார்ந்திருக்கிறார்களா என்று கேட்கின்றன. மிகச் சில திட்டங்களே ஒரே வீட்டில் வசிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. எந்தத் திட்டம் எதைக் கேட்கிறது என்பதை அறிந்துகொண்டால், பெரும்பாலான சலுகைகளுக்கு ஊரும் தொலைவும் தடையல்ல என்பது தெளிவாகும்.

ஓர் உதாரணம்

புரிதலுக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகள் பெங்களூருவில் பணிபுரிகிறார். பெற்றோர் தார்வாடில் சொந்த வீட்டில் வசிக்கின்றனர். தந்தைக்கு 74 வயது, ஓய்வூதியம் பெறுகிறார். தாய்க்கு 68 வயது, பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், பணிப்பெண்ணின் ஊதியம், பிசியோதெரபி கட்டணம் ஆகிய மூன்றையும் மகளே செலுத்துகிறார். இவருக்கு என்னென்ன கிடைக்கும், எவை கிடைக்காது?

பிரிவு 80டி: சார்ந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை

வருமான வரிச் சட்டம் 1961இன் 80டி பிரிவு, பெற்றோருக்காகச் செலுத்தும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு வரிக் கழிவு அளிக்கிறது. பெற்றோர் 60 வயதுக்கு உட்பட்டவர்களாயின் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரையிலும், பெற்றோரில் ஒருவரேனும் 60 வயதைக் கடந்தவராயின் 50,000 ரூபாய் வரையிலும் கழிவு கோரலாம். தனக்கும் வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் செலுத்தும் பிரீமியத்துக்கான கழிவு இதிலிருந்து தனியானது.

பெற்றோர் உடன் வசிக்க வேண்டும் என்றோ, பொருளாதார ரீதியில் பிள்ளையைச் சார்ந்திருக்க வேண்டும் என்றோ இப்பிரிவு கேட்பதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எனவே, மேற்கண்ட உதாரணத்தில் தந்தை ஓய்வூதியம் பெறுவதோ, இருவரும் தார்வாடில் வசிப்பதோ மகளின் உரிமையைப் பாதிக்காது. 30 சதவீத வரி வரம்பில் உள்ள ஒருவர் 50,000 ரூபாயை முழுமையாகக் கழித்தால், 4 சதவீத கூடுதல் வரியையும் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சமாகும்.

முதுமையின் காரணமாகவோ ஏற்கெனவே உள்ள நோயின் காரணமாகவோ காப்பீடு கிடைக்காத பெற்றோரும் உள்ளனர். 60 வயதைக் கடந்த பெற்றோருக்குக் காப்பீடு எதுவும் நடைமுறையில் இல்லாவிடில், அவர்களுக்காகச் செய்த மருத்துவச் செலவையே அதே 50,000 ரூபாய் வரம்புக்குள் கழிவாகக் கோரலாம். மருந்து, மருத்துவர் கட்டணம், பரிசோதனை ஆகியவற்றுக்கான ரசீதுகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவதாக, பிரீமியத்தையோ மருத்துவச் செலவையோ ரொக்கமாகச் செலுத்தினால் கழிவு கிடைக்காது. வங்கிப் பரிமாற்றம், யுபிஐ, அட்டை, காசோலை ஆகியவற்றின் மூலம் செலுத்த வேண்டும். முன்தடுப்பு உடல் பரிசோதனைக்கு மட்டும், ஒட்டுமொத்த வரம்புக்குள் 5,000 ரூபாய் வரை ரொக்கச் செலவும் ஏற்கப்படும். இரண்டாவதாக, மாமனார், மாமியாருக்காகச் செலுத்தும் பிரீமியம் இப்பிரிவில் அடங்காது. கணவன், மனைவி இருவரும் வருமானம் ஈட்டுவோராயின், அவரவர் பெற்றோருக்கு அவரவரே செலுத்துவது நல்லது. மூன்றாவதாக, அண்ணனும் தங்கையும் பிரீமியத்தைப் பகிர்ந்து செலுத்தினால், அவரவர் செலுத்திய தொகையை மட்டுமே கோர முடியும். ஒரே தொகையை இருவரும் கோர இயலாது. நான்காவதாக, தந்தை தமது ஓய்வூதியத்திலிருந்து பிரீமியத்தைச் செலுத்தினால், அந்தக் கழிவு தந்தைக்கு உரியதே தவிர மகளுக்கு உரியதல்ல.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டுள்ளதால், பெற்றோருக்குக் காப்பீடு எடுப்போரின் சுமை ஓரளவு குறைந்துள்ளது.

பிரிவு 80டிடி, 80டிடிபி: சார்ந்திருத்தலே அளவுகோல்

குடும்பத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரைப் பராமரிப்போருக்கானது 80டிடி பிரிவு. வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோர் இதில் அடங்குவர். பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் 75,000 ரூபாயும், 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் 1,25,000 ரூபாயும் கழிவாகக் கிடைக்கும். அவரது சிகிச்சைக்கோ மறுவாழ்வுக்கோ செலவு செய்திருக்க வேண்டும். ஆனால், செலவான தொகை எவ்வளவாயினும் கழிவு நிலையானது.

இங்கும் ஒரே வீட்டில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மாறாக, பராமரிக்கப்படுபவர் தமது வாழ்வாதாரத்துக்கு வரி செலுத்துபவரை முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ சார்ந்திருக்க வேண்டும். மேலும், மாற்றுத்திறனாளியான அவர் தமக்கான 80யு கழிவைத் தாமே கோரியிருக்கக் கூடாது.

உதாரணக் குடும்பத்தில் சிக்கல் எழுவது இங்குதான். பக்கவாதத்தால் தாயின் இயக்கம் முடங்கி, மருத்துவக் குழு 80 சதவீதப் பாதிப்பு எனச் சான்றளித்தது என்று கொள்வோம். தந்தையின் ஓய்வூதியம் குடும்பத்தை நடத்தப் போதுமானதாக இருந்தால், தாய் தந்தையைச் சார்ந்தவராகவே கருதப்படலாம். ஓய்வூதியம் சொற்பமாக இருந்து, தாயின் செலவில் பெரும்பகுதியை மகளே ஏற்கிறார் என்பதை வங்கிக் கணக்கின் மூலம் காட்ட முடிந்தால், மகளின் கோரிக்கைக்கு வலுவுண்டு. தொலைவில் வசிப்பவர் தம் பராமரிப்பை நிரூபிக்க வேண்டிய கட்டாயம், உடன் வசிப்பவரைவிடக் கூடுதலாகவே உள்ளது.

கணக்குத் தாக்கல் செய்யும்போது, மருத்துவச் சான்றிதழுடன் சார்ந்திருப்பவரின் பான் அல்லது ஆதார் எண்ணும் கோரப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டையை முன்கூட்டியே பெற்று வைத்திருப்பது இதற்கு உதவும்.

புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய், பார்க்கின்சன் நோய் போன்ற குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு 80டிடிபி பிரிவு கழிவு அளிக்கிறது. இதன் வரம்பு 40,000 ரூபாய்; சிகிச்சை பெறுபவர் மூத்த குடிமக்களாயின் 1 லட்சம் ரூபாய். சிறப்பு மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு அவசியம். காப்பீட்டிலிருந்து கிடைத்த தொகையைக் கழித்த பிறகே மீதத்தைக் கோர முடியும். இதிலும் சார்ந்திருத்தலே நிபந்தனை. உடன் வசித்தல் அல்ல.

புதிய வரி முறையில் இவை இல்லை

மேற்கூறிய மூன்று கழிவுகளும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்கு மட்டுமே பொருந்தும். தற்போது புதிய வரி முறையே இயல்பான தேர்வாக உள்ளது. ஒன்றும் தெரிவிக்காவிடில் புதிய முறையிலேயே வரி கணக்கிடப்படும். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளோருக்குத் தள்ளுபடியின் மூலம் வருமான வரி இல்லை. மாத ஊதியம் பெறுவோருக்கு நிலையான கழிவையும் சேர்த்து இந்த வரம்பு 12.75 லட்சம் ரூபாயாகிறது. எனவே இந்த வருமான வரம்புக்குள் இருப்போர் பழைய முறைக்கு மாறத் தேவை எழாது. அதற்கு மேல் வருமானம் உள்ளோர், பெற்றோருக்கான கழிவுகளையும் வீட்டுக் கடன், வீட்டு வாடகைப் படி ஆகியவற்றையும் சேர்த்து இரு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். தொழில் வருமானம் இல்லாத ஊதியதாரர்கள் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உரிய கடைசி நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எனினும், 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

மத்திய அரசு ஊழியர்கள்: ஒரே பெற்றோர், இரண்டு பதில்கள்

ஒரே வீட்டில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை நேரடியாக எழும் இடம், சிஜிஎச்எஸ் எனப்படும் மத்திய அரசு சுகாதாரத் திட்டமாகும். இத்திட்டத்தில் பெற்றோரைச் சேர்க்க வேண்டுமாயின், அவர்கள் ஊழியரை முழுமையாகச் சார்ந்திருப்பதுடன், வழக்கமாக அவருடன் வசிப்பவர்களாகவும் இருக்க வேண்டும். அவர்களது மாத வருமானம் 9,000 ரூபாய் மற்றும் அதற்குரிய அகவிலைப்படிக்கு மேற்படக் கூடாது. 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 58 சதவீத அகவிலைப்படியின்படி இந்த வரம்பு 14,220 ரூபாயாகிறது. ஓய்வூதியம், வாடகை, வங்கி வட்டி என எல்லா வழிகளிலும் வரும் வருமானம் இதில் கணக்கிடப்படும்.

அதே ஊழியர், அதே பெற்றோரை விடுமுறைப் பயணச் சலுகைக்காகக் காட்டும்போது விதி வேறாகிறது. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2008இல் பிறப்பிக்கப்பட்ட உத்தரவின்படி, முழுமையாகச் சார்ந்துள்ள பெற்றோர் ஊழியருடன் வசித்தாலும் வசிக்காவிட்டாலும் இச்சலுகைக்கான குடும்ப உறுப்பினர்களே ஆவர். ஒரு திட்டத்தில் மறுக்கப்பட்டது என்பதற்காக மற்றொன்றையும் கைவிடத் தேவையில்லை என்பதற்கு இதுவே சான்று.

பராமரிப்புக்கென்று தனி விடுப்பு உண்டா என்ற கேள்வியும் எழுகிறது. மாநிலங்களவையில் 2025 ஜூலையில் எழுத்துபூர்வமாகப் பதிலளித்த மத்திய இணையமைச்சர் ஜிதேந்திர சிங், ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுமுறை ஆகியவற்றை முதிய பெற்றோரைக் கவனித்தல் உள்ளிட்ட எந்தச் சொந்தக் காரணத்துக்காகவும் ஊழியர்கள் பயன்படுத்தலாம் என்று தெரிவித்தார். அதாவது, தனியாகப் பராமரிப்பு விடுப்பு என ஒன்று இல்லை. இருக்கும் விடுப்பையே பயன்படுத்த வேண்டும்.

மாற்றுத்திறனாளியான பெற்றோர், பிள்ளை, வாழ்க்கைத் துணை அல்லது உடன்பிறந்தோரின் முதன்மைப் பராமரிப்பாளராக உள்ள மத்திய அரசு ஊழியருக்கு, சுழற்சி முறை இடமாறுதலிலிருந்து விலக்களிக்கலாம் என்று பணியாளர் நலன் மற்றும் பயிற்சித் துறையின் உத்தரவுகள் கூறுகின்றன. நிர்வாகச் சூழலுக்கு உட்பட்டே இவ்விலக்கு அளிக்கப்படும்.

இஎஸ்ஐ: படிவத்திலேயே இடமுண்டு

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ திட்டத்தில், நிர்ணயிக்கப்பட்ட வருமான வரம்புக்கு உட்பட்ட, சார்ந்துள்ள பெற்றோரும் மருத்துவ வசதி பெறலாம். புலம்பெயர்ந்து வேலை செய்வோரை மனத்தில் கொண்டே இத்திட்டத்தின் பதிவுப் படிவம் அமைந்துள்ளது. ஒவ்வொரு குடும்ப உறுப்பினரும் உடன் வசிக்கிறாரா என்றும், இல்லையெனில் எந்த ஊரில் வசிக்கிறார் என்றும் அதில் கேட்கப்படுகிறது. குடும்பத்தினர் வசிக்கும் ஊரில் உள்ள மருந்தகத்தை அவர்களுக்கெனத் தனியே குறிப்பிடவும் வழியுண்டு. வேலைக்குச் சேரும்போது அவசரத்தில் எல்லோருக்கும் ஒரே முகவரியை எழுதிவிடுவதே பிற்காலச் சிக்கலுக்குக் காரணமாகிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண் ஊழியரைச் சார்ந்துள்ள மாமனார், மாமியாரையும் குடும்பம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது.

70 வயதைக் கடந்தவர்களுக்குப் பிள்ளையின் விவரமே தேவையில்லை

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் 70 வயதும் அதற்கு மேலும் ஆனோர் அனைவருக்கும், வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சை வழங்கும் விரிவாக்கத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கி வைத்தார். இதற்கான வய வந்தனா அட்டை, முதியவரின் ஆதார் எண்ணின் அடிப்படையில் அவர் பெயரிலேயே வழங்கப்படுகிறது. பிள்ளை எங்கே வசிக்கிறார், என்ன சம்பாதிக்கிறார் என்பது இதில் பொருட்டல்ல. தனியார் காப்பீடு வைத்திருப்போரும் இதில் சேரலாம். சிஜிஎச்எஸ் போன்ற அரசுத் திட்டங்களில் உள்ளோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உதாரணக் குடும்பத்தில் 74 வயதான தந்தை உடனடியாக இந்த அட்டையைப் பெறலாம். 68 வயதான தாய் 70 வயது வரை காத்திருக்க வேண்டும். எனவே அவருக்கான தனியார் காப்பீட்டை மகள் கைவிடுவது சரியாகாது. பெற்றோர் இருவரும் 70ஐக் கடந்த பின், 5 லட்சம் ரூபாய் இருவருக்கும் பொதுவானதாகும். கூடுதல் விவரங்களுக்கு 14555 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

பராமரிப்பாளருக்கு நேரடி உதவித்தொகை உண்டா?

பிரிட்டன் போன்ற நாடுகளில் இருப்பதுபோல், பராமரிப்பாளருக்கு அரசே வாராவாரம் பணம் வழங்கும் நாடு தழுவிய திட்டம் இந்தியாவில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 24ஆவது பிரிவு, அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைக் குறிப்பிடுகிறது. எனினும், அதை வழங்குவது மாநில அரசுகள் வகுக்கும் திட்டங்களைப் பொறுத்ததாகும். படுக்கையில் உள்ள நோயாளியை முழுநேரமும் கவனிப்போருக்கு உதவித்தொகை வழங்கும் கேரளத்தின் ஆஸ்வாசகிரணம் திட்டம் இவ்வகையில் நன்கு அறியப்பட்டதாகும். முழுநேரப் பராமரிப்பு என்ற நிபந்தனை இருப்பதால், வேறு ஊரில் வேலை செய்துகொண்டு பணம் அனுப்பும் பிள்ளை இத்தகைய உதவிக்குத் தகுதி பெறமாட்டார். ஊரில் உடனிருந்து கவனிக்கும் உறவினரே அதற்கு உரியவர்.

அனுப்பும் பணத்துக்கு வரி உண்டா?

பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம், நெருங்கிய உறவினருக்கு வழங்கும் கொடையாகக் கருதப்படுவதால் பெற்றோருக்கு வரி இல்லை. அதேவேளை, அனுப்பும் பிள்ளைக்கு அத்தொகைக்காகக் கழிவும் இல்லை. பெற்றோர் அதை வைப்புநிதியில் இட்டால், வரும் வட்டி அவர்களின் வருமானமாகும். இங்கு ஒரு நுட்பம் உள்ளது. அதிக வட்டி கிடைக்கும் என்பதற்காகப் பெருந்தொகையைப் பெற்றோர் பெயரில் முதலீடு செய்தால், அந்த வட்டியே அவர்களைச் சார்ந்திருப்போர் என்ற வருமான வரம்புக்கு வெளியே தள்ளிவிடக்கூடும். சிஜிஎச்எஸ், இஎஸ்ஐ ஆகியவற்றில் பெற்றோரைச் சேர்த்துள்ளோர் முதலீட்டுக்கு முன் இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

தொலைவு கடமையிலிருந்து விலக்களிப்பதில்லை

சலுகைக்குத் தொலைவு தடையாக இல்லாததுபோலவே, கடமையிலிருந்து தப்பவும் அது வழியாவதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இன்படி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். தாம் வசிக்கும் மாவட்டத்திலோ பிள்ளை வசிக்கும் மாவட்டத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனு அளிக்க முடியும். தனித்து வாழும் முதியோருக்கும் அவர்களைப் பற்றிக் கவலைப்படும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் வழிகாட்ட, 14567 என்ற எல்டர்லைன் தேசிய உதவி எண் செயல்படுகிறது.

செய்ய வேண்டியவை

* பிரீமியம், மருத்துவச் செலவு ஆகியவற்றைப் பிள்ளையின் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்த வேண்டும். பெற்றோருக்குப் பணம் அனுப்பி, அவர்கள் ரொக்கமாகச் செலுத்தினால் கழிவு கிடைக்காது.

* ரசீதுகளில் நோயாளியாகப் பெற்றோரின் பெயர் இடம்பெற்றுள்ளதா என்று சரிபார்க்க வேண்டும்.

* உடன்பிறந்தோர் இருந்தால், யார் எதைச் செலுத்துவது, யார் எதைக் கோருவது என்பதை நிதியாண்டின் தொடக்கத்திலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

* மாற்றுத்திறன் சான்றிதழின் காலாவதித் தேதியைக் கவனித்து, அதற்கு முன்னரே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

* உண்மையில் உடன் வசிக்காத பெற்றோரை உடன் வசிப்பதாகப் படிவத்தில் காட்டக் கூடாது. அரசு ஊழியர்கள் இவ்வாறு செய்தால் துறைசார் நடவடிக்கைக்கு ஆளாக நேரிடும். வருமான வரிக் கணக்கில் தவறான தகவல் அளித்தால், ஏய்க்கப்பட்ட வரியின் 200 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

உதாரணக் குடும்பத்தின் மகளுக்கு, பழைய வரி முறையில் 80டி கழிவு உறுதியாக உண்டு. 80டிடி கழிவு, தாய் யாரைச் சார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தந்தைக்கான வய வந்தனா அட்டைக்கு மகளின் எந்த ஆவணமும் தேவையில்லை. இவற்றுள் எதற்கும், அவர் தார்வாடில் பெற்றோருடன் வசிக்கிறாரா என்ற கேள்வி எழவே இல்லை.